மாதம் 575 ராண்ட் கட்டணத்தில் பயண அட்டை: எங்கள் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகுமா?

மிட்ராண்ட்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கும்பகோணத்திலிருந்து வந்து ஒன்பது ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவின் மிட்ராண்டில் வசிக்கிறோம். நான், என் கணவர், 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி விடுமுறை தொடங்கியதும் டிசம்பர் நடுவில் ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து துபாய் வழியாகச் சென்னை போய், ஜனவரி முதல் வாரத்தில் திரும்புவது எங்கள் வழக்கம்.

சென்ற வாரம் எங்கள் வங்கியிலிருந்து அழைத்து, இப்போதுள்ள கணக்கை உயர்நிலைக் கணக்காக மாற்றிக்கொண்டால் பயணச் சலுகைகள் உள்ள கடன் அட்டை ஒன்றும் சேர்ந்து கிடைக்கும் என்றார்கள். கட்டணம் மாதம் 575 ராண்ட். இப்போது நாங்கள் கட்டுவது 215 ராண்ட். ஆகவே கூடுதலாகப் போவது மாதம் 360, ஆண்டுக்கு 4,320 ராண்ட் என்று கணக்கிட்டிருக்கிறேன்.

அவர்கள் சொன்ன சலுகைகள் இவை: ஆண்டுக்கு ஆறு முறை விமான நிலைய லவுஞ்ச் எனப்படும் ஓய்வறைக்குள் நுழைவு, வங்கியின் தளத்தில் பதிவு செய்யும் விமானச் சீட்டுகளுக்குத் தள்ளுபடி, தானாகக் கிடைக்கும் பயணக் காப்பீடு, வெளிநாட்டுச் செலவுக்கு 2.75 சதவீதமாக உள்ள நாணய மாற்றுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறையும். இப்போது 100 ராண்ட் செலவுக்கு 25 சதம் (கால் ராண்ட்) மதிப்பில் கிடைக்கும் புள்ளிகள் 75 சதமாக உயரும். எங்கள் மாதச் செலவில் ஏறக்குறைய 24,000 ராண்ட் கார்டில்தான் போகிறது. வரும் டிசம்பரில் தங்கையின் திருமணம் இருப்பதால், ஊரில் நகை, பட்டு, மண்டபம் என்று இன்னொரு 60,000 ராண்ட் கார்டில் செலவாகும்.

மனம் இதை விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு துபாயில் ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். சின்னவள் கைப்பெட்டியின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள்; பெட்டியின் சக்கரம் நகராமல் இருக்க நான் அந்த நேரம் முழுவதும் காலால் அதை முட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வங்கியிலிருந்து அழைத்தவர் லவுஞ்ச் என்று சொன்னதும் எனக்கு அந்தச் சக்கரம்தான் நினைவுக்கு வந்தது.

இன்னும் இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். வரும் ஏப்ரலில் 77 வயதான என் தந்தையை இங்கே அழைத்துவர எண்ணியிருக்கிறோம். அடுத்த ஆண்டு நடுவில் வீடு வாங்க பாண்டுக்கு (வீட்டுக் கடனுக்கு) விண்ணப்பிக்கும் திட்டமும் இருக்கிறது. இந்த நிலையில் மாதம் 360 ராண்ட் கூடுதலாகக் கொடுப்பது சரியா என்பதை எப்படிக் கணக்கிட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


டர்பன் கணக்காளர் எழுதியது:

வணக்கம் சகோதரி. நீங்கள் 575-ஐ எடுத்துக்கொள்ளாமல் 360-ஐ எடுத்துக்கொண்டதே பாதிக் கணக்கு முடிந்ததற்குச் சமம். என்னிடம் வருபவர்களில் பலர் முழுக் கட்டணத்தையும் ஒரு பக்கம் வைத்து, பழைய கணக்கிலும் கிடைத்துக்கொண்டிருந்த சலுகைகளையெல்லாம் மறுபக்கம் அடுக்கி, இலாபம் என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வித்தியாசத்தை வித்தியாசத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

மறுபக்கத்தில் வைக்க வேண்டிய தொகைக்கு நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: இந்தக் கார்டு இல்லாவிட்டால் இதற்கு உங்கள் பையிலிருந்து எவ்வளவு கொடுத்திருப்பீர்கள்? லவுஞ்சை எடுத்துக்கொள்வோம். லவுஞ்ச் நுழைவு தரும் ப்ரையாரிட்டி பாஸ் போன்ற அமைப்பில் தனியாகச் சேர்ந்தால் அண்மை ஆண்டுகளில் அடிப்படை உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர். அதற்கு மேல் ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு தலைக்கு 35 டாலர். அந்த விலையைக் காட்டி, ஆறு நுழைவுகளின் மதிப்பு இத்தனை ஆயிரம் ராண்ட் என்று வங்கி சொல்லும். ஆனால் நீங்கள் இதுவரை ஒரு முறையாவது அந்த விலையைக் கொடுத்து உள்ளே போயிருக்கிறீர்களா? போகவில்லை என்றால், உங்களுக்கு அதன் மதிப்பு விமான நிலையத்தில் நால்வரும் சாப்பிட்டிருக்கக்கூடிய சாண்ட்விச்சும் தேநீரும் தண்ணீரும்தான். ஒரு தலைக்கு 150 ராண்ட் என்று வையுங்கள். ஆறு நுழைவுக்கு 900.

அந்த ஆறு என்பது ஆறு பயணமா, ஆறு தலையா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தலைக்கணக்குதான். நீங்கள் நால்வர். ஜொகன்னஸ்பர்க், துபாய், திரும்பும்போது சென்னை, மறுபடி துபாய் என்று நான்கு இடங்களில் நால்வரும் நுழைந்தால் பதினாறு. ஆறு, பதினாறுக்கு எட்டாது. மீதிக்கு விருந்தினர் கட்டணம் உங்கள் கார்டிலேயே ஏறும்.

புள்ளிகளைப் பொறுத்தவரை இந்த நாட்டில் கணக்கு எளிது. இங்குள்ள வங்கிகளின் புள்ளித் திட்டங்களான ஈபக்ஸ், யூகவுன்ட், டிஸ்கவரி மைல்ஸ் ஆகிய மூன்றிலும் பத்து அலகுக்கு ஒரு ராண்ட் என்பதுதான் பொது மதிப்பு. உங்கள் செலவு ஆண்டுக்கு 2,88,000. நூற்றுக்கு 50 சதம் கூடுதல் என்றால் 1,440 ராண்ட். ஆனால் இங்குள்ள திட்டங்களில் புள்ளி விகிதம் உங்கள் படிநிலையைப் பொறுத்தது. ஈபக்ஸில் ஒன்று முதல் ஐந்து வரை படிகள் உண்டு; டிஸ்கவரி வங்கியில் நீலம் தொடங்கி வைரம் வரை நிலைகள் உண்டு. மேல்படிக்குப் போக அந்த வங்கியிலேயே சேமிப்பும் காப்பீடும் கடனும் வைத்திருக்க வேண்டியிருக்கும். உங்களுக்குச் சொன்ன 75 சதம் எந்தப் படிக்கு உரியது, நீங்கள் இன்று எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மேல்படிக்காக வேண்டாத காப்பீடு ஒன்றை எடுக்கத் தொடங்கினால் அந்த 1,440 ஒரு மாதத்தில் கரைந்துவிடும்.

சீட்டுத் தள்ளுபடியை நான் பூஜ்யம் என்றே எழுதித் தொடங்குவேன். ஒரே நாளில், ஒரே விமானத்துக்கு, வங்கியின் தளத்திலும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் விலை பாருங்கள். தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டுமா, வரிகளுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். அதன் பிறகும் வித்தியாசம் நின்றால் அந்தத் தொகையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இணையத்தில் படிக்கும் அமெரிக்கக் கட்டுரைகளை வைத்து இங்கே முடிவெடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே சேஸ் சஃபையர் ரிசர்வ் என்ற கார்டு 2016இல் 450 டாலர் ஆண்டுக் கட்டணத்தோடு வந்து, 2025இல் 795 டாலரை எட்டியது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் 895 டாலர். அத்தனை கொடுத்தும் இலாபம் என்று அங்குள்ளவர்கள் எழுதுவதற்கு அடிப்படை உண்டு. ஒவ்வொரு கார்டு விற்பனையிலும் கடைக்காரரின் வங்கி, கார்டு கொடுத்த வங்கிக்கு ஒரு பங்கு தருகிறது. அமெரிக்காவில் அந்தப் பங்கு பெரிது; சலுகைகள் பெருமளவு அதிலிருந்தே வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கடன் அட்டைகளுக்கு அதை 0.3 சதவீதத்தில் நிறுத்திவிட்டது. தென்னாப்பிரிக்காவில், 2006இல் போட்டி ஆணையம் தொடங்கிய வங்கித் துறை விசாரணையின் தொடர்ச்சியாக, ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் நிர்ணயிக்கப்பட்ட விகிதங்கள் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. இங்கே வங்கிக்குக் கிடைக்கும் பங்குக்கு வரம்பு இருப்பதால், நமக்கு வரும் சலுகையில் பெரும்பகுதிக்கு நாமே மாதக் கட்டணமாகப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். திருமணச் செலவு 60,000 ராண்டையும் அதிகபட்சம் 55 நாட்களான வட்டியில்லாக் காலத்துக்குள் முழுவதும் கட்டிவிட முடியுமா? தேசியக் கடன் சட்டத்தின்படி கடன் அட்டைக்கு உச்ச வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்துக்கு மேல் 14 சதவீதம். ரெப்போ 7 என்றால் உச்சம் 21. அந்த விகிதத்தில் 60,000 ராண்டுக்கு ஒரு மாத வட்டி 1,050. ‘பட்ஜெட்’ முறையில் தவணையாக்கினால் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். நான்கைந்து மாதம் இழுத்தால் லவுஞ்சும் புள்ளியும் பேசிப் பயனில்லை. வித்தியாசத் தொகை முழுவதும் வட்டியிலேயே போய்விடும்.


சாட்ஸ்வர்த் அக்கா எழுதியது:

தங்கையே, கணக்காளர் ஐயா காப்பீட்டைப் பற்றி எழுதவில்லை. நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோயிலிலிருந்து இருபது பேருக்கு மேல் யாத்திரை போனோம். மதுரை முடித்து இராமேஸ்வரம். என் மாமியாருக்கு அப்போது 74 வயது. உள்ளே இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீர் ஊற்றிக்கொண்டே போவார்கள். தரை முழுவதும் ஈரம். பதினான்காவது தீர்த்தமோ பதினைந்தாவதோ, எண்ணிக்கொண்டே வந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அடுத்த நொடி கல்லில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. மதுரைக்குக் கொண்டுபோய் அறுவைச் சிகிச்சை செய்தோம். மருத்துவமனைச் செலவு 3,80,000 ரூபாய்.

என் கணவரிடம் அப்போது நீங்கள் கேட்கும் வகைக் கார்டு இருந்தது. காப்பீடு இலவசம் என்று அதன் கையேட்டில் இருந்ததால் நாங்கள் தனியாக எதுவும் எடுக்கவில்லை. ஊர் திரும்பிக் கோரிக்கை வைத்தபோது மூன்று காரணங்கள் சொல்லி மறுத்தார்கள். விமானச் சீட்டின் முழுத் தொகையும் அந்தக் கார்டில் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டி, மீதியை இ.எஃப்.டி. மூலம், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக, பயண முகவருக்கு அனுப்பியிருந்தோம், ஏனென்றால் கார்டில் கட்டினால் முகவர் கூடுதலாக 2.5 சதவீதம் கேட்டார். புறப்படுவதற்கு முன் காப்பீட்டை வங்கியின் தளத்தில் செயல்படுத்தி, சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும், நாங்கள் செய்யவில்லை. மூன்றாவது, எழுபது வயதுக்கு மேற்பட்டவருக்கு அந்த இலவசக் காப்பீடு பொருந்தாது. மூன்றில் ஒன்று மட்டுமே போதும், கோரிக்கை விழுந்துவிடும்.

அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் விதிப் புத்தகத்தில் இருந்தது. நாங்கள் கையேட்டைப் படித்தோம், விதிப் புத்தகத்தைப் படிக்கவில்லை. இதை இத்தனை விரிவாக எழுதுவதன் காரணம், உங்கள் வீட்டில் யாரும் மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு அந்தப் புத்தகத்தை முதன்முறையாகத் திறக்கக் கூடாது என்பதுதான்.

உங்கள் நால்வருக்கும் வயது ஒரு தடையாக இருக்காது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு, அதாவது சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றால் வரும் செலவுக்கு எவ்வளவு தருவார்கள், அல்லது தரவே மாட்டார்களா? சிகிச்சைக்கான உச்சத் தொகை எவ்வளவு? நாமே விலை கொடுத்து வாங்கும் காப்பீட்டோடு ஒப்பிட்டு, அதே அளவு பாதுகாப்பு இருந்தால் மட்டும் அந்தத் தொகையைக் கணக்கில் சேருங்கள்.

உங்கள் தந்தையின் பயணத்துக்கு இந்தக் கார்டு உதவும் என்று எண்ண வேண்டாம். இத்தகைய காப்பீடு பொதுவாகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து தொடங்கி இங்கேயே முடியும் பயணங்களுக்கு உரியது. அவர் புறப்படுவது சென்னையிலிருந்து, வயதும் 77. ஊரிலேயே மூத்த குடிமக்களுக்கான வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுத்துவிட்டு அழைத்து வாருங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டு அது நியாயமில்லை என்று தோன்றினால், 2024 மார்ச் 1 முதல் வங்கிக்கும் காப்பீட்டுக்கும் ஒரே இடமாகத் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பு செயல்படுகிறது. அதற்குக் கட்டணம் இல்லை.


பிரிட்டோரியா பயணி எழுதியது:

நான் இதே வகைக் கார்டுக்கு ஆறு ஆண்டுகளாகக் கட்டணம் கட்டிவருகிறேன். எனக்கு அது தகும் என்றே சொல்வேன். சுரங்க இயந்திரப் பழுதுபார்ப்பு என் தொழில். ஆண்டுக்கு எட்டு ஒன்பது முறை லுசாகா, லுபும்பாஷி, பெர்த் என்று போகிறவன். எனக்கு வரம்பில்லாத லவுஞ்ச் நுழைவு உள்ள படிநிலை இருக்கிறது. வாடகைக் கார் எடுக்கும்போது முன்பிணையாக ஒரு பெரிய தொகையை நிறுத்திவைக்கக் கடன் அட்டைதான் கேட்கிறார்கள்; டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. ஆண்டுக்கு ஒரே ஒரு குடும்பப் பயணம் போகும் உங்கள் நிலை இதிலிருந்து வேறு என்பதை ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆனாலும் கணக்காளர் ஐயாவோடு ஓரிடத்தில் உடன்பட முடியவில்லை. லவுஞ்சின் மதிப்பைச் சாண்ட்விச் விலையில் அளப்பது தனி ஆளுக்குச் சரி. ஆறு வயதுக் குழந்தை படுக்க ஒரு சாய்விருக்கை, முகம் கழுவ ஒரு சுத்தமான இடம், பெட்டியை விட்டுவிட்டு ஒருவர் கண்ணயரக்கூடிய அமைதி ஆகியவற்றை அந்த 150 ராண்டில் அடக்க முடியாது. சகோதரி எழுதிய அந்தச் சக்கரத்துக்கும் ஒரு விலை உண்டு. ஆகவே, ஆறு நுழைவையும் ஓரிரு மணி நேரமே நிற்கும் ஜொகன்னஸ்பர்க்கில் செலவழிக்காமல், ஐந்து மணி நேரம் காத்திருக்கும் துபாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கும் தனிக் கார்டு கொடுத்து, அதற்குத் தனியாக நுழைவுகள் தரும் வங்கிகளும் உண்டு; அதையும் விசாரியுங்கள்.

நாணய மாற்றுக் கட்டணத்தில் முக்கால் சதவீதம் குறைவது நல்லதுதான். 60,000 ராண்டுக்கு 450 மிச்சம். ஆனால் அதைக் கடையில் ஒரு விரல் அழுத்தத்தில் இழந்துவிடலாம். சென்ற ஆண்டு தியாகராய நகரில் பட்டுப் புடவை எடுத்தபோது ரசீது 38,400 ரூபாய். கடைப் பையன் இயந்திரத்தை நீட்டினான். திரையில் மேலே 8,390 ராண்ட், கீழே ரூபாய்த் தொகை; மேலே உள்ள பொத்தான் பச்சையாக ஒளிர்ந்தது. நம் பணத்தில் கட்டினால் எவ்வளவு என்பது உடனே தெரிகிறதே என்று பச்சையை அழுத்திவிட்டேன். பிறகு அதே நாளில் ரூபாயில் கட்டிய இன்னொரு ரசீதோடு ஒப்பிட்டபோது, வங்கியின் கட்டணம் சேர்ந்த பிறகும் ரூபாயே மலிவு. அந்த ஒரு புடவையில் 170 ராண்ட் கூடுதலாகக் கொடுத்திருந்தேன். நாணயத்தை அந்த இயந்திரமே மாற்றும்போது, அதன் பின்னால் இருப்பவர்கள் தங்கள் இலாபத்தை விகிதத்திலேயே வைத்துவிடுகிறார்கள். ராண்டா ரூபாயா என்று கேட்டால் எப்போதும் ரூபாய் என்றே சொல்லுங்கள். நகைக் கடையில் இது பல மடங்கு முக்கியம்.

விமான நிறுவனங்கள் பரிசுப் புள்ளியாகத் தரும் மைல்களைச் சேர்த்துவைக்க வேண்டாம் என்பதையும் சொல்ல விரும்புகிறேன். தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் மும்பைக்கு நேரடியாகப் பறந்துகொண்டிருந்த காலத்தில், அதன் வாயேஜர் மைல்களை ஊர்ப் பயணத்துக்கென்று சேர்த்தவர்களில் நானும் ஒருவன். 2015இல் அந்தச் சேவை நின்றது. 2019 டிசம்பரில் நிறுவனமே மீட்பு நடவடிக்கைக்குள் போனது. 2022 ஜூனில் குலுலா விமானங்களை இயக்கிய காம்ஏர் கலைப்புக்குப் போனபோது, அதன் சீட்டுகளில் தள்ளுபடி தந்துகொண்டிருந்த கார்டுகளின் சலுகையும் ஒரே நாளில் வெறும் காகிதமானது. கட்டணம் மட்டும் மாதந்தோறும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து புள்ளிகள் கைக்கு வந்த மாதமே அவற்றைச் செலவழித்துவிடுகிறேன்.


மிட்ராண்ட்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அன்று இரவே விதிப் புத்தகத்தைத் தரவிறக்கம் செய்து, கணவரும் நானும் உட்கார்ந்து முழுவதும் படித்தோம். மறுநாள் வங்கிக்குச் சென்று கேட்ட கேள்விகளுக்குப் பதிலை மின்னஞ்சலில் வாங்கியிருக்கிறேன்.

ஆறு என்பது தலைக்கணக்குதான். ஆனால் அது நாட்காட்டி ஆண்டுக்கு ஆறு. 75 சதப் புள்ளி நான்காவது படிக்கு உரியது. நாங்கள் இருப்பது இரண்டாவது படி. மேலே போகக் காரின் காப்பீட்டை அவர்களிடம் மாற்ற வேண்டும். அவர்கள் கேட்கும் தொகை இப்போது கட்டுவதைவிட மாதம் 140 ராண்ட் அதிகம். ஆகவே புள்ளிகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். விமானச் சீட்டின் விலையை இரண்டு தளங்களிலும் ஒரே மாலையில் பார்த்தோம். நால்வருக்கும் சேர்த்து 74,000 ராண்டுக்குச் சற்று மேல், இரு தளங்களுக்கும் இடையே வித்தியாசம் 300 ராண்ட்கூட இல்லை, அதுவும் விமான நிறுவனத்தின் தளம்தான் மலிவு. அதையும் எடுத்துவிட்டேன்.

மிச்சம் இருப்பவை: லவுஞ்ச் 900, நாணய மாற்று 450, நாங்கள் வழக்கமாக மூன்று வாரத்துக்கு எடுக்கும் காப்பீட்டுக்கான 1,600. மொத்தம் 2,950. இது 4,320-க்கு எட்டவில்லை.

ஆனால் வங்கியில் பேசும்போது என் கணவர் ஒன்று கேட்டார். கட்டணம் மாதக் கட்டணம்தானே, ஆண்டுக் கட்டணம் இல்லையே. எனவே நவம்பரில் உயர்த்தி ஜனவரி இறுதியில் பழைய கணக்குக்கே திரும்பிவிட முடியுமா என்று. முடியும், குறைந்தபட்சக் காலம் எதுவும் இல்லை, நுழைவுகளும் மாத விகிதத்தில் குறையாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டிசம்பர் 12 புறப்பட்டு ஜனவரி 6 திரும்புகிறோம். போகும்போது இந்த ஆண்டின் ஆறு, வரும்போது அடுத்த ஆண்டின் ஆறு. இரண்டு முறையும் துபாயில் நால்வர் என்றால் எட்டு நுழைவுகள் பயன்படும், ஐயாவின் கணக்கில் 1,200 ராண்ட். நாணய மாற்று 450, காப்பீடு 1,600. மூன்று மாத வித்தியாசம் 1,080 மட்டுமே. இதில் நான் கவனிக்கத் தவறியது ஏதேனும் இருக்கிறதா?


சாட்ஸ்வர்த் அக்கா எழுதியது:

ஒன்று இருக்கிறது, தங்கையே. சீட்டை எப்போது வாங்கப்போகிறீர்கள்? டிசம்பர் சீட்டை நவம்பர் வரை யாரும் விட்டுவைப்பதில்லை, விலை ஏறிவிடும். ஆகஸ்டில் பழைய கார்டில் வாங்கிவிட்டால், நவம்பரில் வரும் புதிய கார்டின் காப்பீடு உங்கள் பயணத்துக்குப் பொருந்தாது. எங்களுக்கு நேர்ந்தது அப்படியே உங்களுக்கும் நேரும். 1,600-ஐ அடித்துவிட்டு, வழக்கமான காப்பீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.


டர்பன் கணக்காளர் எழுதியது:

அக்கா சரியான இடத்தில் தடுத்தார். அதை அடித்த பிறகும் 1,650 வரவு, 1,080 செலவு. 570 ராண்ட் உங்கள் பக்கம் நிற்கிறது. துபாய் லவுஞ்சுக்குப் பிரிட்டோரியா நண்பர் சொன்ன மதிப்பை நானும் இப்போது ஏற்கிறேன். அதைச் சேர்த்தால் இன்னும் கூடும். திருமணச் செலவை வட்டியில்லாக் காலத்துக்குள் கட்டும் பணம் கையில் இருக்கிறது என்ற நிபந்தனையோடு, நவம்பரிலிருந்து ஜனவரி வரை என்ற உங்கள் கணவரின் யோசனையை நான் ஆதரிக்கிறேன்.

பாண்டைப் பற்றி ஒரு சொல். கார்டு உயரும்போது வங்கி கடன் வரம்பையும் உயர்த்த முன்வரும். அதை ஏற்க வேண்டாம். வீட்டுக் கடனுக்கு உங்கள் திருப்பிச் செலுத்தும் திறனைப் பார்க்கும்போது, நீங்கள் பயன்படுத்தாத வரம்பையும் சேர்த்துப் பார்க்கக்கூடும். உங்கள் ஒப்புதல் இல்லாமல் வரம்பை உயர்த்தத் தேசியக் கடன் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைத் தேடிப் பார்த்து, தானாக உயர்த்த வேண்டாம் என்று குறியிடுங்கள். ஜனவரியில் திரும்பியதும் கணக்கை இறக்கியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கி, பாண்டுக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அது இலவசம்.


மிட்ராண்ட்வாசி எழுதியது:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. ஆகஸ்டில் சீட்டு, அதோடு வழக்கமான காப்பீடு, நவம்பர் 1 அன்று கணக்கு மாற்றம், வரம்பு உயர்வு இல்லை என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டோம். ஜனவரி 31-க்குக் கைப்பேசியில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் துபாயில் நால்வரையும் உள்ளே விட்டார்களா என்பதை இங்கேயே எழுதுகிறேன்.